இணையவழி அறிவியலும் எல்லைப்புறத் தமிழ் மாணவரும்

ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின்கீழ் இயங்கும் மரபுவளக் காப்பு மையம் ஒன்று உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முசுக்கொட்டை வகைகளும் நூற்றுக்கணக்கான பட்டுப்புழு இனங்களும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்குப் பேணப்பட்டு வருகின்றன. அதே பட்டுப்புழுவின் மரபணுத் தொகுதிக்கான முதல் வரைவைச் சப்பானிய, சீன அறிவியலாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வரைவும், பின்னர்த் திருத்தம் பெற்ற படிகளும் இன்று இணையத்தில் எவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 28 இணைக் குரோமோசோம்களில் எழுதப்பட்டுள்ள அவ்வுயிரின் செய்தி முழுவதையும் ஒரு கைப்பேசியிலேயே திறந்து பார்த்துவிடலாம்.

உயிருள்ள புழு ஊரின் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அதன் உட்பொருள் உள்ளங்கையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் நம் மாணவரோ இரண்டையும் காணாமல், பட்டுப்புழுவின் வாழ்க்கைச் சுற்றை வழிகாட்டி நூலிலிருந்து படியெடுத்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். இந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது, இதனை எவ்வாறு நிரப்புவது என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விழையும் பொருளாகும்.

அறிவியல் துறைகளின் மலரில் இடம்பெற வேண்டிய கட்டுரை தமிழ்த்துறை மலரில் வருவானேன் எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாதான். இணையவழி அறிவியல் கல்வியில் இன்று நமக்கு உள்ள பெருங்குறை கருவிக்குறை அன்று, மொழிக்குறையே என்பது நம் கருத்து. அக்குறையைப் போக்கும் பொறுப்பில் பாதி தமிழ்த்துறையைச் சார்ந்தது. ஆகவே இதனை இங்கு எழுதுதல் தகும் எனக் கருதுகிறோம்.

குவிந்து கிடக்கும் வளங்கள்

முதலில், உள்ளவற்றை எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பள்ளிப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியின் ஒளிப்படக் கண்ணை அக்குறியீட்டின்மேல் காட்டினால் பாடத்துக்குரிய காணொளி திறக்கும். மைய அரசின் திக்‌ஷா தளத்தோடு அவை இணைக்கப்பட்டன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2023இல் பள்ளிக் கல்வித்துறை மணற்கேணி என்னும் செயலியை வெளியிட்டது. அறிவியல், கணிதப் பாடங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படக்காட்சிகளாக அது தருகின்றது. கல்விக்கு வள்ளுவர் எடுத்தாண்ட உவமையையே பெயராகப் பூண்டது அச்செயலி என்பது தமிழாசிரியர் நெஞ்சுக்கு இனிய செய்தி.

கல்லூரி நிலையிலும் குறைவில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் நிப்டெல் திட்டம் 2003ஆம் ஆண்டு முதல் விரிவுரைகளை வழங்கி வருகின்றது. 2017இல் சுவயம் தளம் தோன்றியது. ஒரு பருவத்தின் மதிப்புப் புள்ளிகளில் 40 விழுக்காடு வரை அத்தளத்தின் வாயிலாகப் பெறுவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இடந்தருகின்றது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பெற்ற பெட் தளத்தில், மின்சுற்று அமைப்பது முதல் மரபணு புரதமாக வெளிப்படுவது வரை மாணவர் தம் கையாலேயே இயக்கிப் பார்க்கும் மாதிரிகள் உள்ளன. ஒன்றை மாற்றினால் மற்றொன்று எவ்வாறு மாறுகிறது என்பதைக் கண்முன்னே காணலாம். பிழை செய்தாலும் கண்ணாடிக் குடுவை உடையாது, அமிலம் சிந்தாது.

இவற்றினும் மேலாக நாம் வியக்கத்தக்கது, ஆராய்ச்சியாளர் பயன்படுத்தும் அதே தரவுக் கருவூலங்கள் மாணவர்க்கும் திறந்திருப்பதாகும். ஒரு சான்று காட்டுவோம். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளின் தோல் தொழிலோடு நம் சமுதாயத்தினருக்குள்ள தொடர்பு நாடறிந்தது. தோலின் அடிப்படைப் புரதம் கொலாஜன். அதன் அணுக்கட்டமைப்பு மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954இல் வெளிப்படுத்தியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். ஆய்வுக்கான கொலாஜனை அவர்கள் பெற்றது அதே சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்துதான். ஊரில் நாம் பதப்படுத்தும் பொருளின் உள்ளமைப்பை நம் மண்ணிலேயே கண்டறிந்தார்கள்.

புரதக் கட்டமைப்புகளுக்கான உலகத் தரவு வங்கி 1971இல் ஏழே கட்டமைப்புகளோடு தொடங்கியது. இன்று அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. கொலாஜனின் மூன்றுபுரி வடிவத்தையும் அங்குத் திறந்து, விரலால் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். இராமச்சந்திரன் ஊடுகதிர்ப் படங்களின் மங்கிய புள்ளிகளிலிருந்து உய்த்துணர்ந்ததை, கிருட்டினகிரிப் பேருந்தில் அமர்ந்தபடியே நம் மாணவர் கண்ணாரக் காண இயலும். இஃது எத்துணைப் பெரிய வாய்ப்பு!

ஆனால் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்?

நூலிழை சொன்ன மாணவி

நம் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். தளிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து விலங்கியல் பயில வந்த முதலாண்டு மாணவி ஒருவர். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ்வழி, கல்லூரியிலோ பாடங்கள் ஆங்கிலத்தில். உயிரணு பிரிதல் பற்றிய முதல் தேர்வில் அவருடைய விடைத்தாள் ஏறத்தாழ வெறுமையாக இருந்ததென்று அறிந்தோம். பொதுத்தமிழ் வகுப்பு முடிந்த வேளையில், அப்பாடத்தில் என்ன கடினம் எனக் கேட்டோம்.

“காணொளி பார்த்தேன், சார். பன்னிரண்டு நிமிடம். பேசுவது ஒன்றும் புரியவில்லை. படம் மட்டும் புரிந்தது” என்றார்.

“படத்தில் என்ன கண்டீர்கள்?”

“உள்ளே நூல் நூலாக இருந்தது. நடுவில் வரிசையாக வந்து நின்றது. அப்புறம் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போனது, சார். எங்கள் ஊரில் கூட்டை வெந்நீரில் போட்டு இழை பிரிக்கிற மாதிரி.”

“இதைத் தேர்வில் ஏன் எழுதவில்லை?”

“அது பாடத்தில் இருக்கிற சொல் இல்லையே, சார்.”

நாம் சற்று நேரம் பேச்சின்றி நின்றோம். ஏனெனில் அந்த மாணவி சொன்னது பாடத்தின் சாரமே. இப்பிரிவை 1882இல் செருமானிய அறிஞர் வால்ட்டர் பிளெமிங் விரிவாக எழுதியபோது, நூல் எனப் பொருள்படும் மைட்டோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்துதான் மைட்டாசிஸ் என்ற பெயரைப் படைத்தார். நுண்ணோக்கியில் அவர் கண்டதும் நூல். கைப்பேசியில் இந்த மாணவி கண்டதும் நூல். ஒருவருக்கு அஃது அறிவியல் வரலாற்றில் நிலைத்த பெயராயிற்று. மற்றவருக்கு எழுதத் தகாத சொல்லாயிற்று. கண்ணும் அறிவும் குறைபடவில்லை. கண்டதற்கும் எழுதுவதற்கும் இடையே பாலம் அமைத்துக் கொடுக்க நாம் தவறிவிட்டோம்.

இத்தகைய மாணவர் முதலாண்டிலேயே வாய்மூடிப் போகின்றனர். அவருள் சிலர் இரண்டாம் ஆண்டுக்கு வருவதில்லை. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த நாள்தொட்டு இவ்வட்டாரத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. அண்மைக் காலத்தில் போச்சம்பள்ளி, உத்தனப்பள்ளிப் பக்கங்களிலும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. உழைத்துப் பொருளீட்டுவது உயர்ந்ததே. ஆயினும் விரும்பி வேலைக்குச் செல்வது வேறு, வகுப்பில் விளங்காமையால் விலகிச் செல்வது வேறு. மின்கலத்தின் வேதியியலையும் மாங்கூழைக் கெடுக்கும் நுண்ணுயிரையும் அறிந்தவராக அதே தொழிற்சாலைக்குள் நுழையக்கூடிய ஒருவர், விசையை அழுத்துபவராக மட்டும் நுழைய நேர்வது நம் சமுதாயத்துக்கு இழப்பன்றோ?

ஒரே தமிழ், இருவேறு சொற்கள்

அந்த மாணவிக்காகத் தமிழில் இப்பாடத்தைத் தேடத் தலைப்பட்டபோது நாம் ஒன்றைக் கண்டுகொண்டோம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மைட்டாசிஸ் என்றும் மறைமுகப் பகுப்பு என்றும் எழுதுகின்றன. இலங்கைப் பாடநூல்கள் இழையுருப் பிரிவு என எழுதுகின்றன. இழை என்பது நூலே அன்றோ! மாணவி கண்டது கடலுக்கு அப்பால் உள்ள தமிழில் ஏற்கெனவே கலைச்சொல்லாக விளங்குகிறது. நாம் மைட்டோகாண்ட்ரியா என்பதை அவர்கள் இழைமணி என்கின்றனர். கிரேக்க மூலத்துக்கும் நூலிழை, சிறுமணி என்பதே பொருள்.

இவ்வேறுபாடு ஓரிரு சொற்களோடு நிற்பதன்று. நமக்குச் செல், அவர்களுக்குக் கலம். நமக்கு ஒளிச்சேர்க்கை, அவர்களுக்கு ஒளித்தொகுப்பு. நமக்கு நொதி; அவர்களுக்கு நொதியம். நமக்கு ஆக்சிஜன், அவர்களுக்கு ஒட்சிசன். நமக்குக் கார்பன் டை ஆக்சைடு, அவர்களுக்குக் காபனீரொட்சைட்டு. அச்சுநூற் காலத்தில் இவ்வேறுபாட்டால் பெருந்தீங்கு இல்லை; அவரவர் நூல் அவரவர் நாட்டில் வழங்கியது. இணையக் காலத்திலோ தேடுசொல்லே திறவுகோல் ஆகிவிட்டது. ஒளிச்சேர்க்கை எனத் தட்டெழுதுபவருக்கு ஒளித்தொகுப்பு என்ற பெயரில் உள்ள பாடம் எளிதில் தென்படாது. இலங்கையில் மாணவர் உயர்தர வகுப்பு வரை உயிரியலைத் தமிழிலேயே பயின்று, தமிழிலேயே தேர்வு எழுதுகின்றனர். அந்நாட்டுக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்களும் உள்ளன. அவ்வளவும் நமக்கு உரியவையே. ஆயினும் சொல் தெரியாமையால் கதவு திறப்பதில்லை.

இணைய மொழிபெயர்ப்புக் கருவிகள் இக்குறையைத் தீர்த்துவிடும் என்பார் உளர். அக்கருவிகள் நாளும் வளர்ந்து வருகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் செல் என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது போ என ஏவும் வினை. ஏட்டுச்சுவடியை அரிக்கும் கறையானின் பெயர். உயிரியலில் உயிரின் அடிப்படை அலகு. இன்றைய பேச்சில் கைப்பேசி. இவற்றுள் எது எவ்விடத்துக்கு உரியது என்பதைத் தீர்மானிக்கப் பொருளறிந்த மனிதர் வேண்டும். கருவி தருவதைச் சரிபார்க்கத் தெரியாதவருக்குக் கருவியின் பிழையும் பாடமாகிவிடும்.

அறிவியலைத் தமிழில் சொல்லும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவ, அறிவியல் நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் உருவாயின. வேதியியலைப் பற்றிய நூலுக்கு, 1875இல், கெமிஸ்தம் என்றே பெயரிட்டார். வேண்டிய இடத்தில் பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலியில் ஏற்கவும், இயன்ற இடத்தில் தமிழ்ச் சொல்லை ஆக்கவும் அவர் தயங்கவில்லை.

நம் வட்டாரத்துக்கும் இதில் பங்குண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசாசியை அரசியல் தலைவராகவும் இதிகாசங்களை எளிய தமிழில் எழுதியவராகவும் அனைவரும் அறிவர். 1916இல் சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர் என்பதை அறிந்தவர் சிலரே. தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்கான சொற்களை அச்சங்கத்தார் ஆராய்ந்தனர். திண்ணையில் அமர்ந்து உரையாடுவது போல வேதியியலை விளக்கும் திண்ணை இரசாயனம் என்னும் நூலையும் அவர் எழுதினார். அவருடைய அரசியலோடு உடன்படாதவர் பலர். அவர் ஆக்கிய வடமொழிச் சார்பான சொற்களுள் பலவும் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் கடினமான அறிவியலைத் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் பழுதற்றது. இன்றைய திண்ணை இணையமே.

படம் மட்டும் பாடமாகாது

மொழியைப் போலவே கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. இணையத்தில் காணும் குளம் எங்கோ உள்ள குளம். நம் மாணவருக்குக் குளம் வேண்டுமானால் கெலவரப்பள்ளி இருக்கிறது.

தென்பெண்ணை ஆறு கருநாடகத்தைக் கடந்து நம் எல்லைக்குள் நுழைந்ததும் தேங்கும் இடம் கெலவரப்பள்ளி நீர்த்தேக்கம். பெங்களூருப் பெருநகரின் கழிவுநீர் கலந்து வருவதால் மதகின் கீழே வெண்ணுரை மலைபோல் எழுவதை நாளிதழ்களில் பன்முறை கண்டிருக்கிறோம். அந்நுரைக்குள் எத்தனைப் பாடங்கள் அடங்கியுள்ளன! சலவைப் பொருளின் மூலக்கூற்றுக்கு ஒரு முனை நீரை விரும்புவது, மறுமுனை நீரை வெறுப்பது. மதகிலிருந்து நீர் வீழ்ந்து காற்றோடு கலக்கும்போது அம்மூலக்கூறுகள் காற்றுக் குமிழைச் சூழ்ந்து நுரையாகின்றன, இது வேதியியல். கழிவில் உள்ள பாசுபரசும் நைட்ரசனும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகின்றன, அவை மடிந்து அழுகுகையில் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன, மீன் மூச்சுத் திணறுகிறது, இஃது உயிரியல். ஒரு மாநிலத்தின் கழிவு மறுமாநிலத்து உழவரின் வயலுக்குப் பாசனமாவது குடிமையியல். உலகின் எந்தக் காணொளியும் இவ்வளவையும் ஒருசேர, நம் மூக்குக்கு அருகில் வைத்துக் கற்பிக்காது.

ஆகவே இணையவளம் மாணவரை அறைக்குள் அடைக்கும் கருவியாகாமல், வெளியே அனுப்பும் கருவியாதல் வேண்டும். அதற்கும் வழிகள் உள்ளன. சுடான்போர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாசும் அவர் குழுவினரும் 2014இல் அறிமுகப்படுத்திய போல்டுசுகோப் என்னும் மடிப்பு நுண்ணோக்கி காகிதத்தால் ஆனது. ஏறத்தாழ 140 மடங்கு பெருக்கிக் காட்டுவது. கைப்பேசியோடு பொருத்திப் படமெடுக்கத்தக்கது. ஏரிநீரின் ஒரு துளியை அதில் வைத்துப் பார்த்த மாணவர் பாசியின் பசுங்கணிகத்தை மறக்கமாட்டார். அவ்வாறே ஐநேச்சுரலிசுட்டு என்னும் தளத்தில் ஒரு பூச்சியின் படத்தை இட்டால், உலகெங்கும் உள்ள ஆர்வலர் அதன் பெயரைச் சொல்ல உதவுகின்றனர். அப்பதிவு ஆய்வுத் தரவாகவும் பயன்படுகின்றது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் கறுப்பும் வெள்ளையும் கால்கால் பங்காகத் தீட்டிக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கினால், எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறதோ அதுவே நீரின் தெளிவை அளக்கும் அளவு. இதற்கு இணையம்கூட வேண்டியதில்லை. செய்முறையை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

மேலும், இணையம் எல்லார்க்கும் ஒன்றுபோல் எட்டுவதில்லை என்பதையும் 2020, 2021 ஆகிய பெருந்தொற்று ஆண்டுகள் நமக்கு உணர்த்தின. 2021 சனவரி முதல் ஏப்பிரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு வழங்கும் அட்டையை ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்க்குத் தமிழ்நாடு அரசு வழங்க முன்வந்தது பாராட்டத்தக்கது. ஆயினும் அஞ்செட்டி மலைப்பகுதிச் சிற்றூர்களில் அலை கிட்டாமல் மேட்டைத் தேடி ஏறிய மாணவரும், வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையோடு இரண்டாம் ஷிப்டுக்குச் சென்றுவிட வெறுங்கையோடு இருந்த மாணவியரும் நம்மிடையே இருந்தனர். தனித்தனிக் கருவியை நம்பிய கல்வி தனித்தனியே கைவிட்டது. பொதுவிடத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் முறையே நம் நிலைக்கு ஏற்றது.

எழக்கூடிய தடைகள்

சமுதாயப் பெரியோர் சிலர், தமிழில் அறிவியல் பயின்று என்ன பயன், வேலையும் உயர்கல்வியும் ஆங்கிலத்தில் அல்லவா உள்ளன என்பர். நாம் ஆங்கிலத்தை விலக்கச் சொல்லவில்லை. விளங்கிய பொருளுக்கு ஆங்கிலப் பெயரைக் கற்பது ஒரு நாள் வேலை. விளங்காத பொருளுக்கு ஆங்கிலப் பெயரை மனப்பாடம் செய்வது மூன்றாண்டுத் துன்பம். முதலில் நூலைக் கண்டு, பின் மைட்டாசிஸ் என்னும் பெயரைப் பெறுவதே முறை.

இன்னொரு தடையை நாமே எழுப்பிக்கொள்கிறோம். நம் மாணவருள் பலர்க்கு வீட்டுமொழி தமிழன்று. உருது பேசும் இல்லங்களும் தெலுங்கு, கன்னடம் பேசும் இல்லங்களும் இவ்வெல்லைப்புறத்தில் மிகுதி. தாய்மொழியில் விளக்குக என்றால் எத்தாய்மொழி? இவ்வினாவை மறைத்துவிட்டுத் தமிழ்வழிக் கல்வியைப் புகழ்வது நேர்மையாகாது. வகுப்பில் உள்ள அனைவர்க்கும் பொதுவாக விளங்குவது இங்குத் தமிழே; ஆகவே விளக்கம் தமிழில் அமைக. ஆனால் கேழ்வரகு என்றதும் விழிக்கும் மாணவர்க்கு ராகி என்று சொல்லவும், பட்டு என்றதும் ரேஷம், ரேஷ்மெ என்று வீட்டுச்சொல் கூறும் மாணவரை அவ்வாறே கூறவிடவும் ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. வீட்டுச்சொல்லால் தமிழ் சிறுமையுறாது; மாணவர்தம் மனத்தில் பொருள் வேரூன்றும்.

மூன்றாவது தடை, கைப்பேசி இளையோரைக் கெடுக்கிறது என்னும் அச்சம். இவ்வச்சம் பொய்யன்று. கேளிக்கையும் பொய்ச்செய்தியும் அதே கண்ணாடித் திரையில்தான் வருகின்றன. எவரோ ஒருவர் உருவாக்கிய காணொளியில் பிழையான மருத்துவக் குறிப்பும் அறிவியல் வேடம் பூண்டு வரும். ஆயினும் அஞ்சிக் கருவியைப் பறித்தால் நற்பயனும் உடன் பறிபோகும். எதைக் காண்பது, காண்பதை எவ்வாறு ஐயுறுவது என்று பழக்குவதே மருந்து.

நாம் செய்யத்தக்கன

நம் ஆற்றலுக்கு உட்பட்ட நான்கு பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, இருவழக்குச் சொல்லடைவு. முதலாண்டு உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களில் வரும் முந்நூறு கலைச்சொற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ்நாட்டு வழக்கு, இலங்கை வழக்கு, ஆங்கில வழக்கு, மூலச்சொல்லின் பொருள் ஆகியவற்றை ஒருசேரத் தருதல் வேண்டும். தமிழ்த்துறையும் அறிவியல் துறைகளும் கூடி அமர்ந்தால் ஓராண்டில் முடியும். தமிழ்நாடு அரசின் சொற்குவைத் தளமும், 2003 முதல் இருநாட்டுத் தமிழரும் கூடி எழுதி ஒன்றரை இலட்சம் கட்டுரைகளைக் கடந்துவிட்ட தமிழ் விக்கிப்பீடியாவும் இதற்குத் துணையாகும். முடித்ததை இணையத்திலேயே வெளியிட்டால் நம் மாணவர்க்கன்றி உலகத் தமிழ் மாணவர் அனைவர்க்கும் பயன்படும்.

இரண்டாவது, தெரிந்தெடுத்த பட்டியல். இணையத்தில் உள்ளது என்று மாணவரை ஏவிவிடுவது, நூலகத்தில் புத்தகம் இருக்கிறது என்று சொல்லிச் சாவியைத் தராமல் இருப்பதற்கு ஒப்பாகும். ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு பாட அலகுக்கு ஒரே ஒரு வளத்தைத் தாமே முழுமையாகக் கண்டு, சரிபார்த்து, அதில் எதைக் கூர்ந்து நோக்குவது, எவ்வினாவை எழுப்புவது என ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதுவாராக. ஐம்பது காணொளிகளின் பெயர்ப் பட்டியலைவிட அவ்வொரு பக்கம் மேலானது.

மூன்றாவது, நம் மண்ணைப் பற்றிய வளங்களை நாமே ஆக்குதல். கெலவரப்பள்ளியின் நுரை, பட்டு மரபுவள மையம், கிருட்டினகிரி மாந்தோப்புகள், கொள்ளிலும் கேழ்வரகிலும் புதிய வகைகளைத் தந்த பையூர் ஆராய்ச்சி நிலையம், கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து ஓசூர்க் காடுகளுக்கு இறங்கும் யானைக் கூட்டம் ஆகியவற்றைப் பற்றி ஐந்து நிமிடத் தமிழ்க் காணொளிகளை நம் மாணவரே எடுக்கலாம். பிறர் ஆக்கியதை நுகர்வோராக மட்டும் இருக்கும் சமுதாயம், தன் ஊரைப் பற்றிய அறிவையும் பிறரிடம் கேட்டுப் பெற வேண்டியதாகும்.

நான்காவது, பொதுவிடம். இதில் சமுதாயப் பெரியோரின் துணை இன்றியமையாதது. ஜமாஅத் கட்டடங்களிலும் கல்லூரியை அடுத்த மண்டபங்களிலும் மாலைநேர அறிவியல் படிப்பகம் ஒன்று அமையுமானால் நன்று. ஓர் இணைய இணைப்பு, இரண்டு கணினிகள், பத்துக் காகித நுண்ணோக்கிகள், மேற்பார்வைக்கு ஒரு மூத்த மாணவர் போதும். மாணவியர்க்கும் தனி நேரம் ஒதுக்கப்பட வேண்டும்; கைப்பேசி இல்லாக் குறை அவர்களையே மிகுதியும் வாட்டுகின்றது. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டப்படி பெருநிறுவனங்கள் தம் ஆதாயத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலைகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் முறையாகத் திட்டம் வகுத்துக் கேட்டால் உதவி கிட்டாமற் போகாது.

மாணவச் செல்வங்களே! விளங்கவில்லை எனச் சொல்ல நாணாதீர்கள். கண்டதைக் கண்டபடி, உங்களுக்குத் தெரிந்த சொல்லால் முதலில் சொல்லிப் பாருங்கள். அச்சொல் பாடநூலில் இல்லாமற் போகலாம். ஆனால் அது தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவோடு ஒன்று கூறுவோம்: வெறுந்தாளை மதிப்பிடும்முன், எழுதாதவரைப் பேசவிட்டுக் கேட்போம்.

நூலிழை சொன்ன மாணவி, இழையுருப் பிரிவு என்னும் சொல்லை நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, “இது முன்னமே இருக்கிற சொல்லா, சார்?” என்று கேட்டார். ஆம் என்றோம். அடுத்த தேர்வில் அவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன, அறிவியலில் இல்லை. மணற்கேணி நம் காலடியிலேயே இருக்கிறது. தோண்டுவதற்கு ஒரு சொல்லேனும் கையில் கொடுப்பது நம் கடன்.